அகதியும் அரிதாரமும்

நடிகர் ஒருவரின் வரலாற்றை எழுதுவோர் அவர் முதன்முதலில் ஒப்பனையிட்ட நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். அல்லைப்பிட்டியிற் பிறந்து, பிரான்சு நாட்டிற் கூலித் தொழிலாளியாக வாழ்ந்து, கான் திரைப்பட விழாவின் அரங்கிலே நின்ற ஒருவரைப் பற்றி எழுதப் புகும் நமக்கு அவ்வழக்கம் உதவாது. அவர் எப்போது நடிக்கத் தொடங்கினார் என்ற கேள்விக்குத் திரைப்படப் பட்டியல்கள் ஓர் ஆண்டைச் சொல்லும். எல்லைச் சாவடிகளைக் கேட்டால் அதற்கு வெகு முந்திய ஓர் ஆண்டைச் சொல்லும். நாம் எல்லைச் சாவடிகளையே நம்புகின்றோம். ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷோபாசக்தி என்ற பெயரைத் தமிழ் வாசகர் அறிவர். ‘கொரில்லா’, ‘ம்’ முதலான நாவல்களின் ஆசிரியர் அவர். அந்தோனிதாசன் யேசுதாசன் என்னும் இயற்பெயரே திரைப்படங்களில் அவர் பெயராக இடம்பெறுகின்றது. 1967இல் பிறந்தவர். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைத் தீவை நோக்கிச் செல்வோர், மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் முதலில் மிதிக்கும் மண் அல்லைப்பிட்டி. ஒரு பக்கம் பரவைக் கடல். மறுபக்கம் மணலும் பனையும். மீன்பிடியும் தோட்டமும் சீவற்றொழிலுமாய்ப் பிழைத்த ஊர். தீவகத்தின் வாசற்படியிலே கிடந்ததனால், தீவகத்துக்குள் நுழைந்த ஒவ்வொரு படையும் அதன்மீது கால்வைத்தே சென்றது.

இத்தகைய கரையோரக் கத்தோலிக்க ஊர்களுக்குக் கூத்து புதிதன்று. சினிமாக் கொட்டகை வருமுன்னரே தேவாலய முற்றங்களில் விடியவிடிய நாட்டுக்கூத்து நடந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கரையோரங்களில் விரும்பி ஆடப்பட்டவற்றுள் ஒன்று எஸ்தாக்கியார் கூத்து. எஸ்தாக்கியார் ஒரு படைத்தலைவர். நாட்டையும் செல்வத்தையும் இழந்து குடும்பத்தோடு கடல் கடந்து ஓடுகின்றார். கப்பற்காரன் மனைவியைப் பிடித்துக்கொள்கின்றான். ஆற்றைக் கடக்கும்போது பிள்ளைகள் இருவரையும் விலங்குகள் கவ்விச் செல்கின்றன. யாரென்று எவருக்கும் தெரியாத கூலியாளாய் அந்நிய நாட்டில் அவர் காலம் தள்ளுகின்றார். ஒருகாலத்துப் படைவீரன், சிதறிய குடும்பம், கடற்பயணம், அந்நிய மண்ணிற் கூலி வேலை: 2015இல் ‘தீபன்’ என்னும் பிரெஞ்சுப் படத்தைக் கண்டு ஐரோப்பா வியந்தபோது, இந்தக் கதையை எம் பாட்டன்மார் தீப்பந்த வெளிச்சத்திற் கண்டு அழுதிருக்கின்றார்களே என்று நமக்குத் தோன்றியது. எஸ்தாக்கியார் கதையில் ஈற்றிலே குடும்பம் ஒன்றுசேரும். பின்னர் எல்லோரும் வேதசாட்சிகளாய் மடிவர்.

1983இன் இனவன்செயல் நாடு முழுவதையும் உலுக்கியது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர் இயக்கங்களை நாடிச் சென்றனர். பதின்ம வயதினரான அந்தோனிதாசனும் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்தார். 1986இல் அதனின்றும் விலகினார். விலகியவனுக்கு அன்று ஊரில் இடமில்லை. விலகினான் என்பதற்காக அரசும் அவனை நம்புவதில்லை. கொழும்பிலே சிறையிருந்தார். 1990ஐ அடுத்து நாட்டைவிட்டு வெளியேறி, ஹொங்கொங், தாய்லாந்து என்று அலைந்து, 1993இல் பிரான்சை அடைந்து அரசியற் தஞ்சம் கோரினார்.

அவர் வெளியேறிய காலத்திலே அவருடைய ஊருக்கு நேர்ந்ததை இங்கு சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது, மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆகிய ஊர்களின் இளைஞர் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போயினர். 2006 மே 13 அன்று அல்லைப்பிட்டியில் ஒரு வீட்டுக்குள் குழந்தைகள் உட்படப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில், பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்தன. காயப்பட்டவர்களுக்காக மன்றாடிய பங்குத் தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், அம்மாதம் 20ஆம் நாளுக்குப் பின்னர் எவர் கண்ணிலும் படவில்லை. இவ்வூரிலிருந்து ஒருவன் ஏன் ஓடினான் என்று கேட்பவர்க்கு இதைவிட வேறு விடை தேவையில்லை.

இனி நாம் தொடக்கத்திற் சொன்ன எல்லைச் சாவடிக்கு வருவோம். அகதி ஒருவன் நடிக்காமல் எல்லையைக் கடக்க முடியாது. கடவுச்சீட்டில் உள்ள பெயர் அவனுடையதன்று. அந்தப் பெயருக்கு அவன் திரும்பிப் பார்க்கப் பழகவேண்டும். பிறந்த நாளும் ஊரும் புதியவை; உறக்கத்திற் கேட்டாலும் அவற்றையே சொல்லவேண்டும். அச்சம் தெரியக்கூடாது, அலட்சியமும் தெரியக்கூடாது. இடையில் ஒரு சொல் தடுமாறினால் மேடை நடிகனுக்குக் கைதட்டல் குறையும். அகதிக்கோ கைவிலங்கு வரும். இந்தக் கொடிய நாடகப் பள்ளியில் நம்மவர் இலட்சக்கணக்கில் பயின்று வந்தனர். அவர்களுள் ஒருவருடைய முகத்தை மட்டும் பிற்காலத்தில் ஒரு படப்பிடிப்புக் கருவி கண்டுகொண்டது.

பாரிசில் அவர் செய்த தொழில்களின் வரிசை எமது புலம்பெயர்ந்த உறவுகளுக்குப் பழக்கமானது. உணவகத்திற் கோப்பை கழுவினார், சமையல் செய்தார், பேரங்காடியிற் பொருள்களை அடுக்கினார், தெருக் கூட்டினார், கட்டடத் தொழிலாளியாகவும் இருந்தார். அக்காலத்திலே திரொட்ஸ்கிய இடதுசாரி அமைப்பொன்றிற் சில ஆண்டுகள் இணைந்து செயற்பட்டார். வாசிப்பும் எழுத்தும் அங்கே உறுதிபெற்றன. 2001இல் வெளிவந்த ‘கொரில்லா’ அகதி விண்ணப்பம் ஒன்றின் வடிவிலேயே தொடங்குகின்றது. ஒரு மனிதன் தன் துயரத்தை, அதிகாரியின் மேசைக்கு ஏற்ற மொழியில், எண்ணிட்டு அடுக்கவேண்டிய அவலத்தை அவர் இலக்கியமாக்கினார். அரசின் கொடுமையையும் இயக்கங்களின் கொடுமையையும் ஒருசேர எழுதியதனால் இரு பக்கத்தாருடைய சினத்துக்கும் ஆளானார். அவர் கருத்துகள் எல்லாவற்றோடும் உடன்படாத வாசகர்கள் உண்டு, நம்முள்ளும் உண்டு. எனினும் அவருடைய உரைநடையின் நேர்மையை மறுப்பார் அரியர்.

திரையிலே அவர் பெற்ற தொடக்கப் பயிற்சிகளுள் முக்கியமானது லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’. தனுஷ்கோடி மீனவர்களையும் ஈழத்து அகதிகளையும் பற்றிய அப்படத்தில் அம்மக்களே தம்மைத் தாமே நடித்தனர். அதன் எழுத்திலும் நடிப்பிலும் ஷோபாசக்தி பங்குகொண்டார். சென்னைத் தணிக்கைக் குழு சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டின் பின்னரே 2011இல் அனுமதி கிடைத்தது. மக்கள் தம் வாயாற் தம் கதையைச் சொல்லும்போது அதிகாரம் அஞ்சுகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அதன்பின் வந்தது ஜாக் ஓடியார் இயக்கிய ‘தீபன்’. போரின் இறுதியிலே சகபோராளிகளின் உடல்களுக்குத் தீமூட்டி, தன் சீருடையையும் அத்தீயில் இடுகின்றான் சிவதாசன் என்னும் போராளி. இறந்துபோன தீபன் என்பவனின் கடவுச்சீட்டு அவனுக்குக் கிடைக்கின்றது. முன்பின் அறியாத ஒரு பெண் மனைவியாகவும், அநாதைச் சிறுமி ஒருத்தி மகளாகவும் சேர்க்கப்படுகின்றனர். மூவரும் ஒரு குடும்பமாய் நடித்துப் பிரான்சை அடைகின்றனர். பாரிசுத் தெருக்களில் மின்னொளி வீசும் சில்லறைப் பொருள்களை விற்ற பின், புறநகர்த் தொடர்மாடி ஒன்றிற் காவலாளி வேலை அவனுக்குக் கிடைக்கின்றது. அங்கே போதைப்பொருட் கும்பல்களின் சண்டையில் இன்னொரு போர் அவனைத் தேடி வருகின்றது. காளீஸ்வரி சீனிவாசன் யாழினியாகவும், குளோடின் வினாசித்தம்பி சிறுமி இளையாளாகவும் உடன் நடித்தனர். படத்தின் பெரும்பகுதி தமிழிலேயே பேசப்பட்டது. 2015 மே 24 அன்று, கோயன் சகோதரர் தலைமையிலான நடுவர் குழு கான் விழாவின் முதற் பரிசாகிய தங்கப் பனையை அப்படத்துக்கு வழங்கியது. அடுத்த ஆண்டு பிரான்சின் சேசர் விருதுக்கு, சிறந்த நடிகருக்கான வரிசையில் அந்தோனிதாசனின் பெயரும் முன்மொழியப்பட்டது. 2017இல், கனடாவிலே லெனின் எம். சிவம் இயக்கிய ‘ரூபா’வில், திருநங்கை ஒருவரை நேசிக்கும் குடும்பத்தலைவராக நடித்தார். அது அவருடைய கதையே.

‘தீபன்’ படத்தில் அவர் நடிப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அப்படத்து நாயகன் 2009 வரை இயக்கத்தில் இருந்தவன். நடித்தவரோ 1986இலேயே விலகியவர். ஆகவே அவர் தம்மைத் தாமே நடித்தார் என்று சொல்வது முழுதும் சரியன்று. விலகாதிருந்திருந்தால் தாம் ஆகியிருக்கக்கூடிய மனிதனை அவர் நடித்தார். அதனாலேயே அந்த முகத்தில் இரக்கமும் விலகலும் ஒருங்கே தெரிகின்றன. பழைய தளபதி ஒருவன் மீண்டும் ஆயுதத்துக்குப் பணம் திரட்டச் சொல்லும்போது, என் போர் முடிந்துவிட்டது என்று மறுத்து அடிபடும் காட்சியைக் காண்க. அங்கே நடிகர் எதையும் மிகைப்படுத்தவில்லை. பல்லாண்டு கோப்பை கழுவிய ஒரு மனிதனின் களைப்பே அங்கு பேசுகின்றது.

இவ்விடத்தில் உலகத் திரையின் வரலாற்றைச் சிறிது நோக்குவது நன்று. எமது இளமையில் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் சென்று, றீகல் தியேட்டரில் ஆங்கிலப் படங்கள் பார்த்தவர்கள் நாம். ஹொலிவூட்டின் திரையில் நாம் கண்ட முகங்களிற் பல அகதி முகங்கள் என்பது அன்று எமக்குத் தெரியாது. பீட்டர் லோர் என்றொரு நடிகர். 1904இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்த யூதர். 1931இல் பிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ என்ற ஜெர்மன் படத்திற் குழந்தைகளைக் கொல்லும் ஒரு மனநோயாளியாக நடித்து உலகப் புகழ் பெற்றார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு ஓடினார். நாஜிகள் 1940இல் வெளியிட்ட யூத வெறுப்புப் படமொன்றில், அவர் நடித்த கொலைகாரனின் காட்சியை வெட்டிச் செருகி, யூதன் இத்தகையவன் என்று காட்டினர். நடிகனின் நடிப்பே அவன் இனத்துக்கு எதிரான சாட்சியாக்கப்பட்டது! ஹொலிவூட் அவருக்குச் சோறு போட்டது. ஆயின் வேடம் எது? வேற்றுமொழி வாசனை வீசும் குரல்கொண்டவன் ஒற்றனாகவோ கொலைகாரனாகவோ இருக்கவேண்டும் என்றது. 1937 முதல் 1939 வரை எட்டுப் படங்களில் அவரை மிஸ்ரர் மோட்டோ என்னும் யப்பானியத் துப்பறிவாளனாக்கியது. 1954இல் தொலைக்காட்சியில் ஜேம்ஸ் பொண்ட் கதை முதன்முறை நாடகமானபோது அதிலும் அவரே வில்லன். 1964இல் இறக்கும்வரை, தம் வாழ்வின் நடுவான உண்மையாகிய நாடிழப்பைப் பேசும் பெரிய வேடம் ஹொலிவூட்டில் அவருக்கு வாய்க்கவில்லை.

1942இல் வெளிவந்த ‘கசபிளாங்கா’ இன்னும் விசித்திரமானது. அகதிகளைப் பற்றிய அப்படத்தில் நடித்தோரிற் பலர் உண்மையான அகதிகள். அதில் நாஜி அதிகாரியாகத் தோன்றிய கொன்ராட் வெய்ட், தம் யூத மனைவியின் பொருட்டு 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர். எந்தக் கொடியவனுக்கு அஞ்சி ஓடினாரோ அவனுடைய சீருடையையே அணிந்து பிழைக்கவேண்டியதாயிற்று.

கம்போடியாவின் ஹைங் ங்கோர் கதை நம் கதைக்கு மேலும் நெருங்கியது. அவர் ஒரு மருத்துவர். கெமர் ரூஜ் ஆட்சியில் படித்தவர்கள் கொல்லப்பட்டமையால், தாம் மருத்துவர் என்பதை மறைத்து, கல்லாதவராக நடித்து உயிர் தப்பினார். பிரசவ வேதனையில் மனைவி இறந்தபோதும், தம் தொழிலைக் காட்டி அவரைக் காக்க இயலாத நிலை. 1980இல் அமெரிக்கா சென்றார். 1984இல் ‘தி கில்லிங் பீல்ட்ஸ்’ படத்திற் கம்போடியர் ஒருவரின் வேடமேற்று, 1985இல் ஒஸ்கார் பரிசு பெற்றார். அதன் பின்னும் திரையிலும் தொலைக்காட்சியிலும் நடித்தார். 1996இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், தம் வீட்டு வாசலருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முன்னர் அகதியின் முகத்தை வாங்கி அதில் வில்லனின் வேடத்தைப் பூசினர். பின்னர் அகதிக்கு அகதியின் வேடமே கொடுத்தனர். இது ஒரு முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. ஆயினும் கதையை எப்படி முடிப்பது என்ற உரிமை இன்னும் அகதியின் கையில் இல்லை. ‘தீபன்’ படத்தின் முடிவைக் கவனியுங்கள். களைத்த தொழிலாளி திடீரென வெட்டுக்கத்தி ஏந்திய வீரனாகின்றான். புகையினூடே பகைவரைச் சாய்த்துப் படியேறுகின்றான். அடுத்த காட்சியில் இங்கிலாந்தின் பசும்புற்றரையில் இன்பமான குடும்பம். அப் புறநகர்த் தொடர்மாடியில் வாழ்வோர் யார்? வட ஆபிரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்த ஏழைத் தொழிலாளரும் அவர் பிள்ளைகளுமல்லவா? அவர்களுக்கு ஏன் வேலை இல்லை, அவ்விடத்தை அரசு ஏன் கைவிட்டது என்ற கேள்விகளைப் படம் தொட்டும் தொடாமலும் விடுகின்றது. ஓர் ஏழை அகதி வேறு ஏழைகளை வென்று விடுதலை பெறுவதாகக் காட்டுவது மேலைநாட்டுப் பார்வையாளனின் மனத்துக்கு இதமாக இருக்கலாம். நம்மால் அதை ஏற்க முடியவில்லை.

அப்படியானால் லோருக்கும் ங்கோருக்கும் இல்லாத எது அந்தோனிதாசனுக்கு இருந்தது? அவரிடம் பேனா இருந்தது. படம் பிறர் சொன்ன முடிவில் முடியலாம். அவருடைய நாவல்கள் அவர் சொன்ன இடத்தில் முடிந்தன. தங்கப் பனைக்குப் பின்னர் அவர் எழுத்தைக் கைவிட்டு நட்சத்திரமாகிவிடவில்லை. 2019இல் ‘இச்சா’, 2022இல் ‘ஸலாம் அலைக்’ என்று நாவல்கள் தொடர்ந்து வந்தன. அவையும் தமிழிலேயே வந்தன. உடலைத் திரைக்கு இரவல் கொடுத்தவர் கதையைத் தம் உடைமையாகவே வைத்துக்கொண்டார். அவர் வாழ்விலிருந்து மாணவர்க்கு நாம் எடுத்துச் சொல்லத்தக்க பாடம் இதுவே என்பது எமது துணிபு.

இதை நாம் வெறும் தத்துவமாகச் சொல்லவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தீவகத்து வகுப்பறைகளில் உயர்தர வகுப்பு வாங்குகள் ஒவ்வொன்றாய் வெறுமையாவதைக் கண்டவர்கள் நாம். அக்காலத்தில் எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் ஒரு மாலை வந்தான். காணியை ஈடுவைத்து முகவருக்குப் பணம் கட்டியாயிற்று என்றான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான்.

“சேர், இதைத்தான் பாடமாக்கச் சொன்னவை. இன்ரவியூவிலை இப்பிடியே சொல்லவேணுமாம். நான் சொல்லுறன், பிழை வருதோ எண்டு பாருங்கோ.”

படித்துப் பார்த்தோம். கைது, மிரட்டல், தலைமறைவு எல்லாம் ஒழுங்காக எண்ணிடப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவனுக்கு நேர்ந்ததன்று. அவனுடைய பெரியப்பா 1990 ஆகஸ்டில் பிடித்துச் செல்லப்பட்டவர் என்பதை ஊரே அறியும். அது அத்தாளில் இல்லையே என்று கேட்டோம்.

“அது பழைய கதையாம் சேர். எடுபடாதாம். அப்பாச்சி மட்டும் இப்பவும் அவருக்கெண்டு ஒரு கோப்பை சோறு எடுத்து வைக்கிறவ.”

எமக்குச் சிறிது நேரம் பேச வரவில்லை. ஒரு குடும்பத்தின் முப்பதாண்டுத் துயரம் சந்தையில் விலைபோகாது என்று ஒதுக்கப்பட்டு, அதனிடத்தில் ஒரு கற்பனைத் துயரம் வைக்கப்பட்டிருந்தது. போகாதே என்று அவனைத் தடுக்க எமக்கு என்ன உரிமை இருக்கின்றது? வேலையும் நீதியும் இல்லாத ஊரில் இருந்து பார் என்று சொல்வது எளிது. தாளை அவனிடமே திருப்பிக் கொடுத்து, ஒரு வேண்டுகோள் மட்டும் விடுத்தோம். போவதற்கு முன் பெரியப்பாவின் கதையை அப்பாச்சியிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வை என்றோம். நான்கு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் இருந்தன, பொய் இல்லை. கொப்பியைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! அல்லைப்பிட்டியான் ஒருவன் கான் விழாவரை சென்றான் என்று பெருமைப்படுவதில் தவறில்லை. நாமும் பெருமைப்பட்டோம். ஆனால் அந்தப் பெருமையை ‘நீயும் கடல் கடந்தால் உயர்வாய்’ என்ற விளம்பரமாக்கி நம் பிள்ளைகளுக்கு விற்கக்கூடாது. அவரோடு அதே பாதையிற் சென்றவர்களிற் பலர் இன்றும் பாரிசின் சமையலறைகளிலே முழங்கை நனைய நிற்கின்றனர். சிலர் எல்லைகளிலே மாண்டனர். அவர்களைப் பற்றி எந்த விழாவும் பேசுவதில்லை. அவர்களும் அவரைப் போலவே நடித்தவர்கள்தாம். அவருக்குக் கிடைத்த திரை அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நம் வகுப்பறைகளில் ‘கொரில்லா’வை வாசிப்போம்; ‘தீபன்’ படத்தைத் திரையிட்டு அதன் சிறப்பையும் குறையையும் விவாதிப்போம். அதற்கு முன்னர், ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியோரிடம் கேட்டு ஒரு கொப்பியை நிரப்பட்டும். நாளை அவன் ஊரில் இருப்பானாயின் அது நீதி கேட்கும் ஆவணம். எல்லை கடப்பானாயின், எந்தப் பெயரில் கடந்தாலும், தான் யாரென்பதை மறவாதிருக்க அது உதவும்.